ஜிம் ஊசி, சளி மாத்திரை, கட்டன்சாயா: பிரஷர் ஏறுவது எதனால்?

நாகர்கோவில் வாசகர்: ஜிம்மில் ஒருத்தன் மெஃபென்டெர்மின் ஊசி போட்டால் களைப்பே தெரியாது என்கிறான். உண்மையா அண்ணா?

பதில்: முதுகில் மயக்க ஊசி போட்டபின் பிரஷர் இறங்கினால், அதைத் தூக்க ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற மருந்து அது. அங்கே 3 முதல் 6 மில்லிகிராம்தான் ஏற்றுவார்கள், மானிட்டரைப் பார்த்துக்கொண்டே. 10 மில்லி குப்பியில் இருப்பதோ 300 மில்லிகிராம். நரம்பு நுனிகளில் சேர்ந்திருக்கும் நார்அட்ரினலின் என்ற, உடம்பை முடுக்கிவிடும் ரசாயனத்தை அது வெளியே தள்ளுகிறது. ரத்தக்குழாய் சுருங்கும், இதயம் ஓங்கி அடிக்கும். மூச்சைப் பிடித்துப் பெரிய வெயிட் தூக்கும்போது மருந்தில்லாமலே மேல் பிரஷர் 200-ஐத் தாண்டுவதுண்டு. அதன்மேல் இதுவும் சேர்ந்தால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம். இன்னொன்று: இதயத் தசைக்குப் பெரும்பாலும் ரத்தம் கிடைப்பது இரண்டு துடிப்புக்கு நடுவிலுள்ள ஓய்வில்தான். துடிப்பு கூடக்கூட அந்த ஓய்வு சுருங்குகிறது, தேவையோ கூடுகிறது. நெஞ்சுவலி வருவது அங்கேதான். நரம்பிலுள்ள இருப்பு தீர்ந்ததும் அதே அளவு 'ஏறாது'. அப்போது அளவைக் கூட்டுகிறார்கள். களைப்பு போகவில்லை, அதைச் சொல்லும் மணியைத்தான் கழற்றியாகிறது.

குலசேகரம் வாசகர்: அதிகாலை ரப்பர் வெட்டப் போகிறவன். பிரஷருக்கு அம்லோடிபின் எடுக்கிறேன். சளி மாத்திரை போடலாமா?

பதில்: அட்டையில் ஃபினைலெஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின் என்றிருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மூக்கின் குழாயைச் சுருக்குவது மற்ற குழாய்களையும் விடாது. ஆவி பிடியுங்கள், உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். காய்ச்சலுக்குத் தனிப் பாரசிட்டமால் போதும்.

குளச்சல் வாசகர்: போட்டில் ராத்திரி முழித்திருக்க மூன்று எனர்ஜி டிரிங்க் ஆகிவிடுகிறது.

பதில்: 250 மில்லி டின்னில் சுமார் 80 மில்லிகிராம் காஃபின், மூன்றில் 240. ஆரோக்கியமானவருக்கு நாளொன்றுக்கு 400 வரை. கட்டன்சாயாவும் (பால் சேர்க்காத டீ) அந்தக் கணக்கில்தான்! கூடவே பீடி இழுத்தால் நிகோடினும் சேர்ந்து பிரஷரைத் தூக்கும். கரைக்கு வந்து பிரஷர் பார்க்கும்போது, கடைசிச் சாயாவும் பீடியும் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். முதுகைச் சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள்.

தக்கலை வாசகர்: கவனக்குறைவுக்கு மகன் மெத்தில்ஃபெனிடேட் எடுக்கிறான். பயப்படணுமா?

பதில்: டாக்டர் சொன்ன அளவில் பொதுவாகப் பிரஷர் சில புள்ளிதான் ஏறும். அளவை மாற்றும்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பிரஷர், நாடி பார்க்கணும். ஓடும்போது மயங்கியிருந்தாலோ, குடும்பத்தில் சிறு வயதில் திடீர் மரணம் நடந்திருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நாகர்கோவில் வாசகர் மறுபடி: ஊசி போட்டவனுக்கு நெஞ்சு வலித்தால்?

பதில்: 108-ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் ஏற்றாதீர்கள். படபடப்பு என்று வீட்டிலிருக்கும் புரோப்ரனலாலை (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) கொடுக்க வேண்டாம். ரத்தக்குழாயை விரிக்கும் வழியையும் அது அடைப்பதால், சுருக்கும் வேலை மட்டும் மிஞ்சி பிரஷர் இன்னும் எகிறலாம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜானாலும் வேறெங்கானாலும், காலிக் குப்பியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.