எண்ணூரில் கண்டல், மீஞ்சூரில் கிளிஞ்சல்: பழைய கடல் பற்றிய கேள்வி பதில்

கடல் ஏறி இறங்கியதில் நம் கரைச் செடிகளுக்கு என்ன ஆனது என்று வடசென்னை நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். பழைய சேற்றில் மகரந்தம் தேடுவதே என் வேலையாக இருந்தது. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மீஞ்சூரிலிருந்து: சார், வீட்டுக்கு போர் போட்டபோது கறுப்புக் களிமண்ணும் கிளிஞ்சலும் வந்தன. கடல் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? தண்ணீர் உப்பாக இருப்பதும் அதனால்தானா?

வந்திருக்கலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. காசிமேட்டுக்காரர்கள் இன்று வலை போடும் இடங்களில் பல அப்போது வெறும் தரை. பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தைத் தொட்டு, நம் கிழக்குக் கரையில் கொஞ்சம் மேலேயும் நின்றது. தாழ்வான நிலமெல்லாம் உப்பங்கழி ஆனது. உங்கள் களிமண் அந்தக் காலத்துச் சேறாக இருக்க வாய்ப்பு அதிகம். கறுப்பு நிறம் முழுதாக மக்காத இலையும் வேரும் தந்தது.

கிளிஞ்சலை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சுண்ணாம்புக்காக யாரோ கொட்டியதாகவும் இருக்கலாம். களிமண்ணுக்குள்ளேயே, இரண்டு ஓடும் பிரியாமல் கிடைத்தால் அது அங்கேயே வாழ்ந்த சிப்பி.

தண்ணீர் உப்பானதற்குப் பழைய கடல் மீது பழி போட வேண்டாம். உங்கள் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1960களின் கடைசியிலேயே அது தெரிய வந்துவிட்டது.

கத்திவாக்கம் கல்லூரி மாணவி: செடி மக்கிப் போன பிறகு அங்கே என்ன வளர்ந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

செடி மக்கும், மகரந்தத்தின் மேலோடு மக்காதும்மா. காற்றுப் புகாத சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். குழாய் இறக்கிச் சேற்றை அடுக்குக் கலையாமல் எடுத்து, அமிலத்தில் கழுவி, நுண்ணோக்கியில் எண்ணுவோம். அதே அடுக்கின் வயதைக் கார்பன் முறையில் கணிப்போம். பழவேற்காட்டுச் சுற்றுவட்டாரச் சேற்றில் சுரபுன்னை (உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களில் ஒன்று) மகரந்தம் கிடைத்திருக்கிறது. இன்று எண்ணூர்க் கழிமுகத்தில் இன்னொரு கண்டலான வெண்கண்டல்தான் கண்ணில் படுகிறது. உப்பு ஏறினாலும் தாங்கும் மரம் அது. சுரபுன்னைக்கு ஆற்று நீர் கொஞ்சம் தாராளமாக வர வேண்டும்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. சுரபுன்னை தன் மகரந்தத்தைக் காற்றில் அள்ளி இறைக்கும். வெண்கண்டலுக்குத் தேனீதான் தூது, மகரந்தம் குறைவு. எனவே சேற்றில் வெண்கண்டல் மகரந்தம் கொஞ்சமாக இருந்தாலும் அங்கே பெரிய தோப்பே இருந்திருக்கலாம். வெறும் சதவீதத்தை வைத்துக் காடு வரைந்துவிடக் கூடாது. பல கட்டுரைகளில் இதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு எரிச்சல்.

பழவேற்காடு மீனவர்: ஏரி எப்படி வந்தது அண்ணே? மணல் மேட்டுச் செடிகளும் பழசா?

கடல் ஏறுவது நின்றபின் அலையும் நீரோட்டமும் மணலைக் குவித்து நீளமான திட்டுகள் கட்டின. அதற்கு மேற்கே சிக்கிக்கொண்ட நீர்தான் உங்கள் ஏரி. புது மணலில் முதலில் காலூன்றுவது அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும். மணல் நின்றபின் மெல்ல மெல்ல மரங்கள் வரும். ஸ்ரீஹரிகோட்டாவில் பாலை, காயா மரங்கள் நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு அப்படிப்பட்ட மணல் மேல்தான் இருக்கிறது.

தண்டையார்பேட்டை: கடல் ஏறியபோதெல்லாம் நகர்ந்து பிழைத்த கண்டல் காடு, இப்போதும் பிழைக்காதா?

வேகத்தைப் பாருங்கள். கண்டல் வேர்கள் சேற்றைப் பிடித்துத் தரையை உயர்த்திக்கொண்டே போகும், ஆனால் அதற்கு எல்லை உண்டு. உலகின் பல கரைகளின் பழைய சேற்றைப் பார்த்ததில், கடல் ஆண்டுக்கு 6, 7 மில்லிமீட்டருக்கு மேல் ஏறியபோது கண்டல் காடுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று தெரிகிறது. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறியது. நின்ற இடத்தில் எந்தக் காடும் தாங்கியிருக்காது. ஆனால் மேற்கே போக வெற்று நிலம் இருந்தது, போயின. இப்போது உலக சராசரி ஆண்டுக்கு 4, 5 மில்லிமீட்டர்தான். அந்தக் கணக்கில் தப்பிக்கலாம். ஆனால் எண்ணூரில் பின்னால் சாலை, அனல்மின் நிலையம், சாம்பல் படிந்த சேறு. எங்கே நகரும்?

எர்ணாவூர் தம்பி: சரி சார், கண்டல் கன்று வாங்கி நட்டால் போதுமா?

கண்ட இடத்தில் நடாதீர்கள். உமரி என்ற உப்புச் செடி படர்ந்த திட்டும் வெறும் சேற்றுத் திட்டும் காலி இடமல்ல, பறவைகளும் நண்டும் அங்கேதான் மேய்கின்றன. முதலில் அடைபட்ட வாய்க்காலைத் திறந்து ஓதம் ஏறி இறங்க வழி செய்யுங்கள். பக்கத்தில் தாய் மரம் இருந்தால் வெண்கண்டல் விதை தானே மிதந்து வந்து ஊன்றும். இரண்டு பருவம் பார்த்தும் முளைக்காவிட்டால் அப்புறம் கன்றைப் பற்றிப் பேசலாம்.