உடைந்து வந்த இசைத்தட்டு

கேள்வி: இணையத்தில் 3,800 ரூபாய்க்கு வாங்கிய பழைய இசைத்தட்டு (நிமிடத்துக்கு 78 சுழற்சி வகை) விளிம்பில் விரிசலோடு வந்திருக்கிறது. 'பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார் விற்றவர். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: வழி உண்டு. முதலில், அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சாட்சியே அதுதான். பெட்டியின் ஆறு பக்கங்கள், கூரியர் எண் ஒட்டிய லேபிள், உள்ளே இருந்த பேக்கிங், விரிசல் என எல்லாவற்றையும் படமெடுங்கள். இந்த வகைத் தட்டு அரக்கால் ஆனது, கண்ணாடி மாதிரி. இருபுறமும் கெட்டி அட்டை கொடுக்காமல் வெறும் உறையில் அனுப்பினால் உடையத்தான் செய்யும். படத்தில் அது தெரிந்துவிடும். ஒட்டவோ, ஓட்டிப் பார்க்கவோ வேண்டாம். விற்பனைப் பக்கத்தில் 'நல்ல நிலை' என்று போட்டிருந்தால் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கு அந்த வரி காணாமல் போகலாம்!

பிறகு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கவும் கூடாது. அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள், உங்கள் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.