கேள்வி-பதில்: மணக்கும் பழைய ரோஜா வாங்கியவர்களின் கடிதங்கள்

கேள்வி: பழைய ரக ரோஜா வாங்கினேன். முதல் வருடம் இளஞ்சிவப்பில் அடுக்கடுக்காக, கமகமவென்று பூத்தது. இப்போது கருஞ்சிவப்புப் பூக்கள்தான், மணமே இல்லை. செடி நிறம் மாறுமா?

பதில்: மாறாது. உங்களிடம் இருப்பது ஒட்டுச்செடி. மேலே ஒட்டியது நீங்கள் கேட்ட ரோஜா, கீழே வேர் மட்டும் வேறு ரகம். அந்தக் கருஞ்சிவப்பு பெரும்பாலும் டாக்டர் ஹியூயி, வேருக்காக நர்சரிகள் அதிகம் பயன்படுத்தும் ரகம். அடித்தண்டில் மண்ணை விலக்கிப் பாருங்கள், முடிச்சு போல ஒரு புடைப்பு தெரியும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் கிளைகளை அடியோடு பிய்த்து எடுங்கள், கத்தரித்தால் திரும்ப முளைக்கும். முடிச்சுக்கு மேலே பச்சை இருந்தால் உங்கள் ரோஜா பிழைக்கும். ஒட்டுச்செடி என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஏமாந்தது உங்கள் தவறில்லை.

கேள்வி: நீல ரோஜா விதை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விளம்பரப் படத்தில் இருக்கும் அந்த நீலத்தில் ரோஜாவே கிடையாது.

கேள்வி: 'பழைய ரகம், நல்ல மணம், எதையும் தாங்கும்' என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: இந்த மூன்று வார்த்தைகளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். இதே மாதிரி அட்டை தொங்கிய செடி ஒன்றை நானும் வாங்கினேன், விறைப்பாக நீண்ட காம்பில் ஒற்றைப் பூ, மூக்கை உள்ளே நுழைத்தாலும் வாசம் இல்லை. ரகத்தின் பெயர் என்னவென்று கேட்டால் விற்றவருக்கே தெரியவில்லை! 1867-ல் லா ஃபிரான்ஸ் என்ற, முதல் நவீன ரோஜா எனப்படும் ரகம் வந்தது, அதற்கு முன்பே இருந்த வகைகளைத்தான் பழைய ரோஜா என்பது வழக்கம்: டமாஸ்க், காலிகா, ஆல்பா, சென்டிஃபோலியா, போர்பன், சைனா, டீ. எதையும் தாங்கும் என்றால் எதை? காலிகாவும் ஆல்பாவும் கடும் உறைபனியைத் தாங்கும், ஆனால் குளிரே இல்லாத இடத்தில் சரியாகப் பூக்காது. சைனாவும் டீயும் வெயிலில் செழிக்கும், கடும் பனியில் கருகிவிடும். உங்கள் வானிலைக்கு எது என்று சொல்லாமல் 'தாங்கும்' என்று மட்டும் எழுதி விற்பது வாங்குபவரைக் கைவிடுவதுதான். ரகப் பெயர், ஒட்டா சொந்த வேரா, வருடத்துக்கு ஒருமுறை பூக்குமா அடிக்கடி பூக்குமா, இந்த மூன்றுக்கும் பதில் வராத இடத்தில் பணத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: காலிகா வாங்கி மூன்று வருடம். ஒவ்வொரு குளிர்காலமும் ஒழுங்காகக் கவாத்து செய்கிறேன், ஒரு பூ கூட இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: எதற்கு? வெட்டி எறிந்தது நீங்கள். காலிகா போன ஆண்டு வளர்ந்த கிளையில்தான் பூக்கும், அதுவும் வருடத்துக்கு ஒருமுறை. பூத்து முடிந்த பிறகு கவாத்து செய்யுங்கள். செடியோடு வந்த தாளைப் படித்தீர்களா?

கேள்வி: மண் இல்லாமல் வேரோடு அனுப்பிய செடி காய்ந்துபோய் வந்தது. விற்றவர் பதிலே போடவில்லை.

பதில்: அநியாயம். முதலில் பெட்டி, வேர், தண்டு எல்லாவற்றையும் இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள், தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காமல் எழுத்தில் புகார் அனுப்புங்கள், பணம் செலுத்திய வழியிலும் ஒரு புகார் போடுங்கள். அப்புறம் வேரை ஒரு இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உடனே நட்டுவிடுங்கள். செடி பிழைத்தாலும் புகாரைத் திரும்பப் பெறாதீர்கள்.