அரபு தேசியம் படிக்க ஆசைப்படும் மகளும், கவலைப்படும் அம்மாவும்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் அரபு தேசிய எழுச்சியையும் (அரபி பேசும் மக்களை ஒன்றுசேர்க்கப் பார்த்த இயக்கம்), அரபிக்கு உறவான மொழிகளைப் பேசிய பழைய செமித்திய சமூகங்களையும் படிக்கப் போவதாகச் சொல்கிறாள், "இது சோறு போடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். போடும். ஆனால் அவள் ஒரே படிப்பாக நினைப்பது உண்மையில் இரண்டு. இரண்டுக்கும் வழி வேறு, வேலையும் வேறு.

ஒன்று, இருபதாம் நூற்றாண்டு. 1947-இல் சிரியாவின் டமாஸ்கஸில் பாத் என்ற அரபு தேசியக் கட்சி உருவானது. 1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். 1958-இல் எகிப்தும் சிரியாவும் ஒரே நாடாகி, 1961-இல் பிரிந்தன. 1953-இல் கெய்ரோவில் தொடங்கிய 'அரபுகளின் குரல்' வானொலி எழுத்தறியாத மக்களையும் அரசியல் பேச வைத்தது. பேச்சுகள், பத்திரிகைகள், ஒலிப்பதிவுகள் என்று இதற்கான முக்கியச் சான்றுகள் பெரும்பாலும் அரபியில்தான் இருக்கின்றன.

இன்னொன்று, அக்காதியர், பினீசியர், அரமேயர், சபேயர் என்று செமித்திய மொழிகள் பேசிய மக்களின் பழங்காலம். இங்கே களிமண் பலகையும் கல்வெட்டும்தான் சான்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசரின் கல் ஒன்று இருக்கிறது. கி.மு. 853-இல் சிரியாவின் கர்கரில் நடந்த போரில் அவனை எதிர்த்து நின்றவர்களின் பட்டியல் அதில் உண்டு. அதில் ஒருவன் அரபியனான ஜிந்திபு, கூடவே அவனுடைய ஆயிரம் ஒட்டகங்கள். அரபியர் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துக் குறிப்பு இதுதான். இதை நேரடியாகப் படிக்க அரபி போதாது, அக்காதிய மொழியும், அதை எழுதிய ஆப்பு வடிவ எழுத்தான ஆப்பெழுத்தும் தெரிய வேண்டும்.

இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் உங்கள் மகளின் ஆர்வம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அக்காதியரும் கானானியரும் அரேபியத் தீபகற்பத்திலிருந்து கிளம்பிய ஆதி அரபியரே என்று தேசியவாதிகள் பலர் எழுதினார்கள். லெபனானில் ஒரு சாராரோ, நாங்கள் பினீசியர், அரபியரே அல்ல என்றார்கள். 1980-களில் பழைய பாபிலோன் நகரை மீண்டும் கட்டிய ஈராக் அதிபர் சதாம் உசேன், அதன் பழைய மன்னன் நேபுகாத்நேசரைப் போலவே செங்கற்களில் தன் பெயரைப் பொறிக்கச் செய்தார். அக்காதியத்துக்கும் அரபிக்கும் மொழி உறவு இருப்பது உண்மை. அதை வைத்து அக்காதியரை அரபியர் என்பது அரசியல். இதைச் சான்று காட்டிப் பிரித்துச் சொல்லக்கூடிய ஆய்வாளர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. அவள் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சரி, வேலை. பழங்காலம் மட்டும் போதும் என்றால் இந்தியாவில் ஆசிரியப் பணியிடங்கள் அரிது. லைடன், சிகாகோ அல்லது ஏதாவது ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வரை போக வேண்டும், ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்கத் தெரிய வேண்டும். கிட்டத்தட்ட பத்து வருடப் பயணம். குடும்பம் அதைத் தாங்குமா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

நவீன காலத்துக்கு வாசல்கள் அதிகம். அரபியில் யுஜிசி நெட் எழுதிப் பேராசிரியர் ஆகலாம். யுபிஎஸ்சி வழியாக வெளியுறவுப் பணிக்குப் போகிறவர்களுக்கு ஒதுக்கப்படும் மொழிகளில் அரபியும் ஒன்று. டெல்லியில் மேற்கு ஆசியாவை ஆராயும் நிறுவனங்கள், வளைகுடா நாட்டுத் தூதரகங்கள், செய்தி நிறுவனங்கள் இருக்கின்றன. சென்னையின் பெரிய மருத்துவமனைகளிலேயே ஓமனிலிருந்து வரும் நோயாளிகளுக்காக அரபி மொழிபெயர்ப்பாளர்கள் வேலை பார்க்கிறார்கள். அவள் கனவு அதுவாக இருக்காது, ஆனால் கையில் மொழி இருந்தால் வருமானம் நிற்காது. அதனால்தான் மொழியை முதலில் வைக்கிறேன்.

'அரபி முஸ்லிம்கள் படிப்பதல்லவா' என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். பாத் கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான மிஷேல் அஃப்லக் டமாஸ்கஸ் கிறிஸ்தவர். அரபு தேசியம் எல்லா மதத்தவரையும் மொழியால் ஒன்றுசேர்க்கப் பார்த்த இயக்கம். இதையே அவர்களிடம் சொல்லுங்கள்.

டெல்லிக்கு அனுப்ப மனமிருந்தால் ஜே.என்.யூ.வின் பி.ஏ. அரபிதான் என் முதல் பரிந்துரை. எழுத்துகூடத் தெரியாதவர்களும் சேரலாம், க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அப்புறம் முதுகலைக்கு அலிகாரில் மேற்கு ஆசியப் படிப்பு இருக்கிறது. சென்னையிலேயே இருக்க வேண்டுமென்றால் பி.ஏ. வரலாற்றில் சேர்ந்து, மாலையில் அரபி கற்கட்டும். எழுத்து அரபியோடு நிறுத்தாமல் எகிப்தியப் பேச்சு வழக்கையும் பழகட்டும். நாசரின் உரைகள் பல அந்த வழக்கில்தான் இருக்கின்றன. அக்காதியம் பக்கம் மனம் இழுத்தால், 1921-இல் தொடங்கி 2011-இல் முடிந்த, அக்காதிய மொழிக்கான சிகாகோ அசீரிய அகராதியை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்த விடுமுறையில் அதன் ஒரு தொகுதியைப் புரட்டிப் பார்க்கட்டும். ஒரு மாதம் கழித்தும் அதை மூடிவைக்க மனமில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், வெளிநாட்டு உதவித்தொகைகளைப் பற்றி அப்போது விரிவாகப் பேசுவோம்.