அறைக்குள்ளிருந்து பியாட் சுட்டால் பின்னால் தீ வருமா?

"1944, நார்மண்டி. ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் மாடி அறை ஜன்னல் வழியாக ஜெர்மன் டாங்கியைச் சுடுகிறான், அவனுக்குப் பின்னால் தீ பீய்ச்சிச் சுவரில் அடிக்கிறது. என் நாவலில் இப்படி ஒரு காட்சி, சரியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அறை சரி, ஜன்னல் சரி, தீதான் தவறு. பிரிட்டிஷ் காலாட்படையிடம் அப்போது இருந்தது பியாட் (PIAT), ஒரு சிப்பாய் தோளில் வைத்துச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஆயுதம். பின்பக்கம் தீ கக்குபவை அதே வேலைக்கான அமெரிக்கர்களின் பசூக்காவும் ஜெர்மானியர்களின் பான்ஸர்ஃபாஸ்ட்டும். இரண்டுமே பின்பக்கம் திறந்த குழாய்கள், சின்ன அறைக்குள் சுட்டால் சுடுபவனுக்கே ஆபத்து. பியாட்டில் அந்தப் பயம் இல்லை, அதனால்தான் வீட்டுக்குள் ஒளிந்து சண்டை போட அது அவ்வளவு தோதாக இருந்தது.

பியாட்டின் ஸ்பிரிங்தான் குண்டை எறிகிறது என்று பலர் எழுதுகிறார்கள், அதுவும் பிழை. விசையை அழுத்தினால் ஸ்பிரிங் ஒரு கனத்த இரும்புத் தண்டை முன்னால் தள்ளும், தண்டு குண்டின் வால்குழாய்க்குள் புகுந்து அங்கிருக்கும் சிறு தோட்டாவை வெடிக்க வைக்கும், குண்டை வீசுவது அந்தத் தோட்டாதான். அதே வெடிப்பு தண்டைப் பின்னால் தள்ளி ஸ்பிரிங்கை மறுபடி இறுக்கிவிட வேண்டும். சிப்பாய் தோளோடு அழுத்திப் பிடிக்கவில்லை என்றால் இறுகாது. அப்புறம் தோளில் வைக்கும் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, அதன்மேல் இரண்டு கால்களையும் வைத்து, கிட்டத்தட்ட 90 கிலோ தூக்கும் பலத்தோடு இழுக்க வேண்டும், அதுவும் எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது! உங்கள் காட்சிக்குத் தீயைவிட இது நல்ல பதற்றம்.

சரி, பியாட் குண்டு மெதுவாகத்தான் போகும், அது டாங்கியை எப்படித் துளைக்கும்? பியாட்டுக்கு முன் பிரிட்டிஷ் படையிடம் இருந்த பாய்ஸ் என்ற டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி 13.9 மி.மீ. தோட்டாவின் வேகத்தை மட்டுமே நம்பியது, டாங்கிகளின் கவசம் தடித்ததும் அது பயனற்றுப் போனது. பியாட் குண்டுக்கு வேகம் தேவையே இல்லை. அதன் வெடிமருந்தின் முன்பக்கத்தில் புனல் மாதிரி ஒரு குழிவு, அதற்கு உள்பூச்சு போல மெல்லிய உலோகத் தகடு. மருந்து வெடித்ததும் தகடு நசுங்கி, நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் ஊசி போன்ற தாரையாகப் பாயும். "கவசத்தை உருக்கியது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த இடத்து இரும்பை அழுத்தமே விலக்கித் தள்ளுகிறது.

காட்சியில் சுடும் தூரத்தையும் குறைவாக வையுங்கள். மணிப்பூரின் நிங்தௌகோங்கில் 1944 ஜூன் 12 அன்று கூர்க்கா வீரர் கஞ்சு லாமா, இடது மணிக்கட்டு முறிந்து, வலது கையிலும் காலிலும் காயத்தோடு ஊர்ந்து, சுமார் 27 மீட்டர் நெருங்கித்தான் இரண்டு ஜப்பானிய டாங்கிகளைப் பியாட்டால் அடித்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார். உங்கள் சிப்பாயும் டாங்கி ஜன்னலுக்குக் கீழே வரும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கட்டும், முடிந்தால் அதன் பக்கவாட்டைக் குறிவைக்கட்டும்.