ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு: வாட்ஸ்ஆப் பதிவுகள் உடன் வருமா?

கேள்வி: சிங்கப்பூரிலுள்ள என் மகன் ஐபோன் வாங்கி அனுப்பியிருக்கிறான். மறைந்த என் ஆயாவின் குரல் பதிவுகள் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியின் வாட்ஸ்ஆப்பில் உள்ளன. அவற்றை இழக்காமல் மாற முடியுமா, ஐயா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முடியும், அம்மா; ஆனால் ஐபோனை அவசரப்பட்டுப் பயன்படுத்தத் தொடங்கிவிடாதீர்கள். ஆப்பிள் 2015இல் வெளியிட்ட 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியைப் பழைய கைப்பேசியில் நிறுவி, ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே இரண்டையும் இணைத்தால், தொடர்பு எண்கள், படங்கள் ஆகியவற்றுடன், 2022 முதல் கிடைத்துள்ள வசதியின்படி, வாட்ஸ்ஆப் உரையாடல்களும் குரல் பதிவுகளும் சேர்ந்தே வரும். செயலி கேட்கும்போது வாட்ஸ்ஆப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனிலும் அதே எண்ணையே பயன்படுத்த வேண்டும். கூகுள் டிரைவில் சேமித்த வாட்ஸ்ஆப் காப்புப் பிரதியை ஐபோனில் மீட்க இயலாது என்பதைப் பலர் காலங்கடந்தே அறிகிறார்கள்.

இரு கைப்பேசிகளையும் மின்னிணைப்பிலேயே வைத்து, ஒரே வைஃபையில் இணையுங்கள். முகப்பில் கிடைக்கும் வைஃபை, உங்கள் ஊர் வீடுகளின் கனத்த சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு எட்டுவது அரிது. ஆகவே வைஃபை கருவிக்கு அருகிலேயே அமருங்கள்.

ஆண்ட்ராய்டில் விலை கொடுத்து வாங்கிய செயலிகள் உடன் வாரா. யூபிஐ செயலிகளில், வங்கியில் பதிந்த எண்ணுள்ள சிம்மை ஐபோனில் இட்டு மீண்டும் பதிய வேண்டும். ஆயாவின் குரலை ஐபோனில் ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிசெய்யும்வரை பழைய கைப்பேசியில் எதையும் அழிக்காதீர்கள்.