எஸ்டிஐ (கேபிள் வழி டிஜிட்டல் வீடியோ) வெளியீட்டில் 1.5 கிகாஹெர்ட்ஸில் ரிட்டர்ன் லாஸ் 9 டெசிபல்தான்: 75 ஓம் ரெசிஸ்டரை மாற்றணுமா?

ரெசிஸ்டரின் துல்லியத்தைக் கூட்டினால் இது சரியாகாது. 75 ஓமில் 5% பிழை இருந்தாலும் ரிட்டர்ன் லாஸ் (திரும்பி எதிரொலிக்கும் சிக்னல் எவ்வளவு குறைவு என்ற அளவு, கூடினால் நல்லது) சுமார் 32 டெசிபல் கிடைக்கும். 1% போடுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் 9 டெசிபலுக்குக் காரணம் அது இல்லை.

பெரும்பாலும் காரணம், பாகங்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தானாக உருவாகும் கெப்பாசிட்டன்ஸ்தான். டிரைவர் (சிக்னலை கேபிளுக்கு அனுப்பும் சிப்) பின், நீங்கள் போட்டிருக்கும் 0805 அளவு பாகங்களின் பேட்கள் (சாலிடர் செய்யும் செப்புப் பரப்புகள்), பிஎன்சி கனெக்டர் பேட் எல்லாம் சேர்ந்து 1 பிக்கோஃபாரட் வந்தாலே 1.5 கிகாஹெர்ட்ஸில் 9.5 டெசிபலுக்கு இறங்கிவிடும். அந்த அதிர்வெண் வரை எஸ்டிஐக்குத் தேவை 15 டெசிபல்.

1. 75 ஓம் புல்-அப் ரெசிஸ்டரை, 0805-ஐ விடச் சிறிய 0402 அளவில், டிரைவர் பின்னை ஒட்டியே வையுங்கள்.
2. கப்ளிங் கெப்பாசிட்டர், பிஎன்சி பேட் இரண்டுக்கும் நேர் கீழே கிரவுண்ட் பிளேனை (போர்டின் கிரவுண்ட் செப்பு அடுக்கு) வெட்டி எடுங்கள். அதிகப் பலன் இங்கேதான்.
3. மிச்சக் கெப்பாசிட்டன்ஸை ஈடுகட்ட, சிக்னல் பாதையில் தொடராக ஒரு இண்டக்டர், அதற்கு இணையாக 75 ஓம் ரெசிஸ்டர். 5.6 நானோஹென்றியில் தொடங்கி மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள். மதிப்பை போர்டுதான் தீர்மானிக்கும், டேட்டாஷீட் அல்ல.

அளக்கும்போது டிரைவருக்கு மின்சாரம் இருக்கட்டும், உள்ளீட்டில் சிக்னல் வேண்டாம். அணைத்து வைத்து எடுத்த அளவை நம்ப முடியாது.

சில டிரைவர் சிப்களில் டெர்மினேஷன் (அந்த 75 ஓம் ரெசிஸ்டர்) உள்ளேயே இருக்கும். அதன் மேல் வெளியிலும் 75 ஓம் போட்டால் 37.5 ஓம் ஆகிவிடும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.